மிச்சத் துணி

எங்கள் வீட்டுத் துணி அலமாரியின் மேல் தட்டில் ஒரு குவில்ட் இருக்கிறது. பட்டுத் துண்டுகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவில் பஞ்சு விரிப்பும் அடியில் பருத்தித் துணியும் வைத்துத் தைத்த போர்வை. நான் தைத்தது. நன்றாகத் தைத்திருக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருநாள்கூட யாரும் அதைப் போர்த்திக்கொண்டதில்லை. பழைய தலையணை உறைக்குள் திணித்து, முன்னால் இரண்டு பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் யாரும் அந்த அலமாரியைத் திறக்கப் போவதில்லை. இருந்தாலும் அடுக்கி வைத்திருக்கிறேன்.

நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு வந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆன பிறகுதான் எனக்கு இந்தத் தையல் பைத்தியம் பிடித்தது. மருந்துக் கம்பெனியில் வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே. பெண்ணுக்குப் பதினைந்து வயதாகி, அவள் அறைக்கதவு சாத்தியே இருக்க ஆரம்பித்துவிட்டது. நூலகத்தில் சனிக்கிழமை காலை குவில்ட் வகுப்பு என்று பார்த்துப் போய்ச் சேர்ந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அமெரிக்கப் பெண்மணிகள் ஏழெட்டுப் பேர். பூப்போட்ட பருத்தித் துணியில் அவர்கள் மூலை பிசகாமல் தைப்பதைப் பார்த்து நான் மலைத்துப் போயிருந்தேன். ஒருநாள் என்னுடைய பட்டுப் பிளவுஸின் மிச்சத் துணியைக் கொண்டுபோனேன். கைக்குக் கை மாற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தடவித் தடவிப் பார்த்தார்கள். அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று நடு நாற்காலி கிடைத்தது. அங்கேதான் எனக்குத் தலைகால் புரியாமல் போனது.

பட்டுக் குவில்ட் தைக்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், என்னிடம் இருந்த மிச்சம் நாலு சதுரத்துக்குக்கூடக் காணாது.

அப்போது எங்கள் பக்கத்து அபார்ட்மெண்டுகளில் ஒன்றில் ஒரு பெண் பிளவுஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திருப்பூர்ப் பக்கம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். கணவன் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான், அவளுக்குக் கார் ஓட்டவும் தெரியாது. ஐசலினில் ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைகளில் கொடுத்தால் கை ஒருபக்கம், கழுத்து ஒருபக்கம் என்று தைத்துத் தருவார்கள். இவள் தைத்தால் உடம்போடு ஒட்டி நிற்கும். நான்தான் முதலில் அவளைக் கண்டுபிடித்தேன், நான்தான் எல்லாரிடமும் சொல்லி ஆள் பிடித்துக் கொடுத்தேன். துணிகளை வாங்கிக்கொண்டு போய் அவளிடம் சேர்ப்பதும், தைத்ததைக் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுப்பதும் என் வேலையாயிற்று. யாரும் கேட்கவில்லை, நானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டேன். "உங்களுக்குத்தான் எவ்ளோ பொறுமை" என்று நாலு பேர் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. தைத்து முடித்ததும், வெட்டியதில் மிஞ்சிய துணியை, விரல் அகலத் துண்டாக இருந்தாலும் விடாமல், ஒரு சின்ன ஜிப்லாக் பையில் போடுவாள். அதைப் பிளவுஸோடு இரண்டு ஊக்கால் குத்தி அனுப்புவாள். ஊரில் தையல்காரரிடம் மிச்சத் துணி கேட்டு நாம் போட்ட சண்டையெல்லாம் ஞாபகம் வரும். "எங்கம்மா மிச்சம்? கை வெக்கவே பத்தல" என்று சாதித்துவிட்டு, அடுத்த வாரம் அவர் வீட்டுக் குழந்தை நம் துணியில் சட்டை போட்டுக்கொண்டு எதிரே வரும். இவளிடம் கேட்கவே வேண்டாம். ஒருமுறை, "இதையெல்லாம் எதுக்கும்மா கட்டி அனுப்பற, யார் கேட்டா?" என்றேன்.

"எங்க ஊர்ல வெட்டுத்துணிக்கும் வெலை இருக்குதுங்க்கா. துணி குடுத்தவங்களுது. எனக்குத் தையக்கூலி மட்டுந்தான்" என்றாள். பிறகு, "ஊக்கை மட்டும் யாராச்சும் குடுத்தா வாங்கியாங்க. இங்க வாங்கறதெல்லாம் சட்டுனு வளைஞ்சு போயிருதுங்க்கா. இது ஊர்ல இருந்து கொண்டாந்தது" என்றாள்.

முதல் துண்டு நியாயமாகத்தான் வந்தது. ஒரு டாக்டரம்மா வீட்டில் பிளவுஸைக் கொடுத்தபோது, அவர் என் கண்ணெதிரிலேயே அந்த ஜிப்லாக் பையைப் பிய்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். மயில் கழுத்து நிறம். எனக்கு மனசு பதறிவிட்டது. "நான் எடுத்துக்கட்டுமா?" என்றேன். "தாராளமா. இத வெச்சு என்ன பண்ணப் போறேன்" என்றார். அடுத்த வீட்டிலும் கேட்டு வாங்கினேன். மூன்றாவது வீட்டில் கேட்கவில்லை. யாரும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார்கள், எதற்கு ஒவ்வொருவரிடமும் கேட்டு நிற்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நூலகத்தின் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்தி, பின் இருக்கையிலிருந்த பைகளை மடியில் எடுத்து வைத்து, ஊக்கைக் கழற்றி, ஜிப்லாக் பையை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கழற்றும்போது சுற்றிலும் ஒருமுறை பார்த்தேன். அந்தப் பார்வை ஒன்றே போதும், நான் செய்வது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஊக்குகள் காரில் காபிக் கோப்பை வைக்கும் குழிக்குள் சேர்ந்தன. "அம்மா, வை டு யூ ஹேவ் சோ மெனி சேஃப்டி பின்ஸ்? ஆர் யூ ஸ்டீலிங் தெம்?" என்று என் பெண் ஒருநாள் சிரித்தாள். "டெய்லர் ஆன்ட்டிக்குத் திருப்பிக் குடுக்கணும்டி" என்றேன். திருப்பிக் கொடுக்கவும் செய்தேன். துணியை அமுக்கிக்கொண்டு ஊக்கை மட்டும் நாணயமாகக் கொடுத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

குவில்ட் வளர்ந்தது. பட்டு பிரியும் என்பதால் ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் மெல்லிய கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டி, மூன்றரை அங்குலச் சதுரமாக வெட்டினேன். வெங்காயத் தோல் நிறத்துக்குப் பக்கத்தில் மாம்பழ மஞ்சள், அதன் பக்கத்தில் அரக்கு. அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் மறைப்பதற்கில்லை. நூலக வகுப்பில் என்னைச் சுற்றி நின்றுகொண்டு பார்த்தார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறோமே என்று ஒருநாள்கூட உறைக்கவில்லை.

உறைக்க வேண்டிய நேரமும் வந்தது. எங்கள் ஊரில் பல குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயது தாண்டியவர், கறாரானவர், என்மேல் பிரியமானவர். அவர் போன் செய்தார். அவருடைய அப்பா அம்மா எண்பதாம் கல்யாணத்துக்கு எடுத்த கிளிப்பச்சைப் பட்டு. அதன் பிளவுஸில் அவர் பெண்ணுக்குக் கையை நீளமாக்க வேண்டும். மிச்சத் துணியைக் கேட்டால், தையல்காரப் பெண் பையில் வைத்து அனுப்பிவிட்டதாகச் சொல்கிறாளாம்.

"பையில இல்லவே இல்லை. நான் வீடு முழுக்கத் தேடிட்டேன். மறதியா, கைவரிசையா? நீங்க அவளுக்கு வேண்டியவங்க, நீங்களே சொல்லுங்க."

கிளிப்பச்சை அதற்கு முன்பே நாலு சதுரமாகிக் குவில்ட்டின் கீழ் வரிசையில் ஏறியிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாவம் டீச்சர், சின்னப் பொண்ணு, மறந்திருப்பா" என்றேன். கைவரிசை இல்லை, மறதிதான் என்று பெருந்தன்மையாக அவளை மன்னித்துவிட்டேன்.

அந்த வருட நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவுக்குப் பக்கத்துச் சுவரில் குவில்ட்டைத் தொங்கவிட்டேன். அந்தத் துணிகளுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் வரப்போகிற வீட்டில் அதை எந்தப் பைத்தியக்காரி தொங்கவிடுவாள் என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்றரை அங்குலத் துண்டை யார் அடையாளம் காணப்போகிறார்கள் என்று நினைத்தேன். கிளிப்பச்சை இருந்த கீழ் மூலையை மட்டும், செட்டியார் பொம்மையையும் அவர் மளிகைக் கடையையும் முன்னால் நிறுத்தி மறைத்தேன். நின்று பார்த்தால் தெரியவில்லை. டீச்சர் பாடுவதற்காகத் தரையில் உட்காருவார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் சரியாக அந்த மூலைக்கு எதிரே உட்கார்ந்தார். சுருதிப் பெட்டியைப் போட்டார். பாதிப் பாட்டில் அவர் கண் செட்டியாருக்கும் கடைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் போய் நின்றதை நான் பார்த்தேன். தாளம் தப்பாமல் பாடி முடித்தார். முடித்ததும் செட்டியாரை ஓரமாக நகர்த்தினார்.

"இது என் துணி ஆச்சே."

அவ்வளவுதான். எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். "ஐயோ, இது எங்க வீட்டு வயலெட்!" "இந்தக் கட்டம் என்னோடது!" பள்ளிக்கூட குரூப் போட்டோவில் தங்கள் பிள்ளையைத் தேடுவது போலத் தேடினார்கள். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"பையில வெச்சுக் குடுத்தேன்னு என்கிட்ட சாதிச்சாளே. உங்களுக்கு இதெல்லாம் யார் குடுத்தா?"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றேன். கையில் சுண்டல் கிண்ணம். நான் கேட்டு வாங்கிய அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் அன்று வந்திருக்கவில்லை. "நான்தான் எடுத்தேன் டீச்சர், கேட்காம எடுத்துட்டேன், மன்னிச்சுடுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கொஞ்ச நேரம் திட்டியிருப்பார்கள். துணித் துண்டுதானே, அடுத்த கொலுவுக்குள் அதுவே கேலிப்பேச்சாகி ஓய்ந்திருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், "அவதான் குடுத்தா" என்றேன். அதோடு நிறுத்தினேனா? "எக்கச்சக்கமா மிச்சம் கெடக்கு, எடுத்துக்கோங்கன்னா. உங்ககிட்ட எல்லாம் கேட்டுட்டுத்தான் குடுக்கறான்னு நெனச்சுட்டேன்" என்று ஜரிகை வேறு வைத்துத் தைத்தேன்.

"பாத்தீங்களா" என்றார் டீச்சர். "நெனச்சேன்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று இரண்டும் ஒரே அறைக்குள் வந்து சேர்ந்தன. பத்து நிமிஷத்தில் வாசல் மணி அடித்தது, அவள் வந்தாள். தலை நிறையப் பூவும், கையில் ஒரு டப்பாவில் ஒப்புட்டு என்று அவர்கள் சொல்லும் போளியுமாக, அவள் அழகாக இருந்தாள். "வாங்க" என்று ஒருவரும் சொல்லவில்லை. உட்கார இடம் விட்டு யாரும் நகரவில்லை. எனக்கு மட்டுமாவது சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். அவள் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, கொலுவைப் பார்த்தாள். பிறகு குவில்ட்டைப் பார்த்தாள். கிட்டே போனாள். ஒவ்வொரு துணியையும் கத்தரி பிடித்து வெட்டியவள் அவள், அவளுக்கு எந்தச் சதுரம் யார் வீட்டுப் புடவை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தையல் சேரும் இடத்தை விரலால் தடவினாள். என் பக்கம் திரும்பினாள்.

"நல்லா வந்திருக்குதுங்க்கா. மூலையெல்லாம் சரியாச் சேர்ந்திருக்குது" என்றாள்.

குங்குமம் எடுத்துக்கொண்டாள். வெற்றிலை பாக்கோடு நான் வைத்துக் கொடுத்த பிளவுஸ் பிட்டை வாங்கிக்கொண்டாள். அது எனக்கு யாரோ போன வருடம் கொடுத்தது. அவள் போனதும் டீச்சர், "எவ்ளோ அழுத்தம் பாருங்க, முகத்துல ஒண்ணும் தெரியலை" என்றார். நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சுண்டல் போட்டேன்.

அதற்கப்புறம் அவளிடம் துணி கொடுக்க யாரும் என்னிடம் வரவில்லை. எல்லாரும் மறுபடி ஓக் ட்ரீ ரோட்டுக்கே போனார்கள், கழுத்து கோணலானாலும் பரவாயில்லை என்று. என்னுடைய பிளவுஸ் ஒன்று அவளிடம் இருந்தது. போகாமலே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். மூன்று வாரம் கழித்துப் போனேன். கூடத்தில் எப்போதும் துணி மலையாகக் கிடக்கும் மேஜை துடைத்து வைத்ததுபோல் இருந்தது, மெஷினுக்கு உறை போட்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அவள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் காலில் விழுந்துவிடலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானாகச் சொல்ல வாய் வரவில்லை. கேட்டால்தான் சொல்வேன் என்று இருக்கிற புத்தி எவ்வளவு கேவலமான புத்தி!

பிளவுஸைக் கொண்டுவந்தாள். வழக்கம்போல ஜிப்லாக் பை, இரண்டு ஊக்கு. உள்ளே விரல் அகலத் துண்டு வரைக்கும் இருந்தது.

"மிச்சத் துணி பையில இருக்குதுங்க்கா. இங்கயே பாத்துக்குங்க" என்றாள். அதுவரை அவள் என்னிடம் அப்படிச் சொன்னதேயில்லை. நான் பார்ப்பதுபோல் தலையாட்டினேன். வாசல் வரை வந்தாள்.

"ஊக்கைத் திருப்பித் தர வேண்டாங்க்கா. நீங்களே வெச்சுக்குங்க. ஒண்ணுகூடக் கொறையாம எல்லா ஊக்கும் உங்க கையில திரும்பி வந்துருதே, அவங்கெல்லாம் பையைப் பிரிச்சுப் பாத்தாங்களோ இல்லியோன்னு நெனச்சுக்குவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் அவள் கணவனுக்கு டெக்ஸாஸில் வேலை கிடைத்து, காப்பெலுக்குப் போய்விட்டார்கள். வழியனுப்ப நான் போகவில்லை. அலுவலகத்தில் மீட்டிங் என்று மெசேஜ் அனுப்பினேன்.

அடுத்த வருடம் டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். கோயிலிலிருந்து அவரை வீட்டில் இறக்கிவிடும்போது, காரை நிறுத்திவிட்டு, "டீச்சர், அந்தத் துணியெல்லாம் அவ எனக்குக் குடுக்கல. அவ பையில வெச்சுத்தான் அனுப்பினா. வழியில நான் எடுத்துட்டேன்" என்றேன். டீச்சர் என்னையே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் அதையே நெனச்சுட்டிருக்கீங்களா? ஊரை விட்டுப் போனவளுக்காகப் பழியை நீங்க ஏத்துக்கறீங்க பாருங்க, இந்த மனசு யாருக்கும் வராது."

"இல்ல டீச்சர், நிஜமாவே நான்தான்" என்றேன். "போதும், போய் நல்லாத் தூங்குங்க" என்று இறங்கிப் போனார். மூன்றாவது முறையும் சொல்லியிருக்க வேண்டும். கதவைத் திறந்து பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. சொல்லியாயிற்று, நம்பாவிட்டால் நான் என்ன செய்ய என்று ஒரு சின்ன நிம்மதி வந்தது. இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் வெட்கமான இடம் அந்த நிம்மதிதான்.

என் பெரியம்மா பெண் காப்பெலில் இருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள், அக்கா என்று கூப்பிடுவேன். போன மாதம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அங்கே ஒரு திருப்பூர்ப் பெண் பிரமாதமாகப் பிளவுஸ் தைக்கிறாள் என்றாள்.

"ஆனா ஒரு கிறுக்கு இருக்குடி அவகிட்ட. தெச்சதை அடுத்தவங்க கையில குடுக்கவே மாட்டா. நான் ஒருநாள் உங்க அத்திம்பேரை அனுப்பினேன், அவர்கிட்டகூடக் குடுக்கல. நாமே நேர்ல போகணும். மிச்சத் துணியை மேஜைமேல பரப்பி வெச்சு, நாம பாத்து எடுத்துக்கற வரைக்கும் விட மாட்டா. அதையும் போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கறா. வெட்டுத் துணிக்கு இவ்ளோ அமர்க்களமா!" என்று சிரித்தாள். "நியூ ஜெர்சியில இருந்தாளாம். உன்னைத் தெரியுமான்னு கேட்டேன். நல்லாத் தெரியும்னா. 'அந்த அக்காதான் எனக்கு மொதமொதல்ல ஆள் புடிச்சுக் குடுத்தாங்க'ன்னா."

"வேற ஏதாவது சொன்னாளா?"

"இல்லியே. ஏன், என்ன ஆச்சு அவளுக்கு? அங்க யாராவது அவளை ஏமாத்திட்டாங்களா?"

"ஆமா அக்கா" என்றேன். "நான்தான்."

அக்கா என் கூடவே வளர்ந்தவள். மனசு பெரிசு, பழியை ஏற்றுக்கொள்கிறாய் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. உடனே நம்பிவிட்டாள்.

"அவளுக்குத் தெரியுமா, நீதான்னு?"

"தெரியும்."

அக்கா வீட்டுச் சமையலறையில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குழாயை மூடினாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் பேசுவதற்காகக் காத்திருந்தேன்.